கதவு மாட்யூல் பதில் சொல்லவில்லையா? ஸ்கோடா லாரா, ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா வகைக் கார்களில் தொடர்புப் பழுதைத் தேடும் முழு வழிகாட்டி

ஸ்கேனரில் 01332 என்று கோடு (பழுது எண்) வருகிறது. பக்கத்திலேயே 'பயணி பக்கக் கதவு மாட்யூல், தொடர்பு இல்லை' என்று விளக்கமும் இருக்கிறது. அந்தக் கதவில் ஜன்னல் இறங்கவில்லை, லாக் விழவில்லை, வெளிக் கண்ணாடியும் திரும்பவில்லை. உடனே மாட்யூலை, அதாவது கதவின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை, மாற்றச் சொல்லிவிடுவார்கள். புதிதாகவோ பழைய மார்க்கெட்டிலோ வாங்கிப் போட்டால், பல நேரம் அதே கோடு அப்படியே நிற்கும்.

அந்தக் கோடை எழுதுவது பழுதான மாட்யூல் அல்ல என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்வேயும் (வண்டியின் நெட்வொர்க்குகளை இணைக்கும் மாட்யூல்) நெட்வொர்க்கில் உள்ள மற்ற மாட்யூல்களும்தான் எழுதுகின்றன. வகுப்பில் வாத்தியார் ஆப்சென்ட் போடுவது போலத்தான் இது. பையன் வரவில்லை என்று அவருக்குத் தெரியும், காய்ச்சலா, பஸ் கிடைக்கவில்லையா என்று தெரியாது. மாட்யூல் பேசாமல் போக நான்கு காரணங்கள்தான் உண்டு: லைவ் வரவில்லை, எர்த் இல்லை, தகவல் வயர் அறுந்துவிட்டது அல்லது ஷார்ட் ஆகிவிட்டது, மாட்யூலே செத்துவிட்டது. மாட்யூலைக் குறை சொல்வதற்கு முன் மற்ற மூன்றையும் அளந்து கழித்தாக வேண்டும். மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே இடம்தான் காரணம்: கீலுக்குப் பக்கத்தில், பாடிக்கும் கதவுக்கும் நடுவே வயர் போகிற ரப்பர் பூட் (மடியும் ரப்பர் உறை).

இந்த வழிகாட்டி ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பிக்யூ35 தளத்தில் வந்த கார்களுக்கானது. ஐந்தாம் தலைமுறை கோல்ஃப், அதே காலத்து ஜெட்டா, இந்தியாவில் லாரா என்ற பெயரில் விற்ற இரண்டாம் தலைமுறை ஆக்டேவியா எல்லாம் இதில் அடங்கும். வேலை செய்யும் வரிசை மற்ற கம்பெனி வண்டிகளுக்கும் பொருந்தும். வோல்டேஜ் கணக்கு பொருந்தாது.

எது எதோடு பேசுகிறது

இந்தக் கார்களில் ஒவ்வொரு கதவுக்கும் தனி மாட்யூல் இருக்கிறது. அது பவர் விண்டோ மோட்டாரோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். வயரிங் படத்தில் ஓட்டுநர் கதவு ஜே386, பயணி கதவு ஜே387, பின் இடது ஜே388, பின் வலது ஜே389. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கான விசிடிஎஸ் ஸ்கேனரில் இவற்றின் முகவரிகள் வரிசையாக 42, 52, 62, 72. தொடர்பு அறுந்தால் வரும் கோடுகள் 01331, 01332, 01333, 01334. பொதுவான ஸ்கேனராக இருந்தால் யு0199, யு0200, யு0201, யு0202 என்ற கோடுகளைக் காட்டும். எஞ்சின் கோடு மட்டும் படிக்கிற மலிவு புளூடூத் அடாப்டருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

முன்கதவு மாட்யூல்கள் கம்ஃபர்ட் கேன் என்ற இரண்டு வயர் நெட்வொர்க்கில் பேசுகின்றன. வேகம் நொடிக்கு 100 கிலோபிட். கேன்-ஹை வயர் ஆரஞ்சில் பச்சைக் கோடு, கேன்-லோ ஆரஞ்சில் பழுப்புக் கோடு. இரண்டும் முறுக்கி வரும். பின்கதவு மாட்யூல்கள் சில வண்டிகளில் இதே கேனில் இருக்கும், பிந்தைய சிலவற்றில் முன்கதவு மாட்யூலுக்குக் கீழே லின் என்ற ஒற்றை வயரில் தொங்கும். உங்கள் வண்டி எது என்று சந்தேகம் வந்தால் பின்கதவு கனெக்டரைப் பாருங்கள். முறுக்கிய ஆரஞ்சு ஜோடி வந்தால் கேன், அது இல்லாமல் ஊதா நிறத்தில் ஒரு தகவல் வயர் மட்டும் வந்தால் லின். லின்னாக இருந்தால், முன்கதவு மாட்யூல் போனதும் அதன் கீழுள்ள பின்கதவும் சேர்ந்து ஊமையாகிவிடும். இரண்டு கதவு ஒரே நேரத்தில் போனதால் இரண்டு மாட்யூல் வாங்கிவிட வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பில் வயர் வைத்த டெஸ்ட் லேம்ப், கதவு மாட்யூல்களைப் படிக்கும் ஸ்கேனர், டோர் பேட் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பி, டார்க்ஸ் பிட்டுகள், கனெக்டர் டெர்மினலின் அளவுக்கு ஏற்ற மெல்லிய பின்கள், உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய வயரிங் படம். சின்ன ஆசிலோஸ்கோப் இருந்தால் வேலை சுளுவாகும், ஆனால் கட்டாயமில்லை. டேப்பும் வேண்டும், ஏன் என்று பின்னால் வருகிறது.

முதல் படி: கருவியைத் தொடாமல் கதவைக் கேளுங்கள்

சாவியைப் போட்டு, பிரச்சினைக் கதவில் ஜன்னல், லாக், வெளிக் கண்ணாடி, அதில் உள்ள இண்டிகேட்டர் நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஜன்னல் மட்டும் ஓடவில்லை, லாக் சரியாக விழுகிறது என்றால் அது தொடர்புப் பழுதே இல்லை. மோட்டாரையோ ஸ்விட்சையோ பாருங்கள். நான்கும் சேர்ந்து போயிருந்தால் மேலே தொடரலாம்.

ஓட்டுநர் கதவில் உள்ள நான்கு ஜன்னல் ஸ்விட்சுகளும் ஜே386-க்குத்தான் போகின்றன. மற்ற ஜன்னல்களுக்கான கட்டளையை அதுதான் கேன் வழியே அனுப்புகிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து எந்த ஜன்னலும் ஓடவில்லை, ஆனால் அந்தந்தக் கதவின் ஸ்விட்சை அழுத்தினால் ஓடுகிறது என்றால் தேடல் ஓட்டுநர் கதவோடு நின்றுவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு. கதவு திறந்திருப்பதைச் சொல்லும் மைக்ரோ ஸ்விட்ச் லாக்குக்கு உள்ளே இருக்கிறது, அதைப் படிப்பதும் கதவு மாட்யூல்தான். மாட்யூல் பேசாவிட்டால் கதவைத் திறந்தாலும் மீட்டரில் எச்சரிக்கை வராது.

பிறகு கதவை மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டே ஜன்னல் ஸ்விட்சை அழுத்திப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் உயிர் வந்து போகிறதா? வந்தால் பாதி வேலை முடிந்தது. நேரே நான்காம் படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: பேட்டரியும் முழு ஸ்கேனும்

பேட்டரி ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் அதிகமாக விழுந்தால் நல்ல மாட்யூல்களும் ஒரு கணம் மௌனமாகும். அப்போது ஐந்தாறு இடங்களில் தொடர்புக் கோடுகள் கொட்டும். சார்ஜ் ஏற்றிய பிறகு முழு ஸ்கேன் எடுத்துச் சேமித்துவிட்டு, கோடுகளை அழித்து, மறுபடி எடுங்கள். உடனே திரும்பி வருவதுதான் இப்போதைய பழுது. திரும்பாதவற்றை 'இடையிடையே' பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்கேனைச் சேமிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு கதவு மாட்யூலின் கோடிங்கும் (அதன் அமைப்பைச் சொல்லும் எண்) அதில் பதிவாகியிருக்கும். இடையிடையே பேசுகிற மாட்யூல் நாளைக்கு மொத்தமாகப் படுத்துவிட்டால் அந்த எண்ணை வேறெங்கும் எடுக்க முடியாது.

கேட்வே முகவரி 19. அதில் அளவீட்டுக் குழு 130 முதல் பார்த்தால் கம்ஃபர்ட் நெட்வொர்க்கில் யார் பேசுகிறார்கள், யார் இல்லை என்று தெரியும். இரண்டு வயரிலும் ஓடுகிறதா, ஒற்றை வயருக்கு இறங்கிவிட்டதா என்பதும் அங்கே இருக்கும். ஒற்றை வயர் ஓட்டத்துக்கான கோடு 01336. இது மிக நல்ல துப்பு, ஆறாம் படியில் திரும்ப வருவோம்.

மூன்றாம் படி: பியூஸ்

அந்தக் கதவுக்குரிய பியூஸ்களை உங்கள் வருடத்து அட்டவணையில் பார்த்துக் கண்டுபிடியுங்கள். பக்கத்து வண்டியின் அட்டவணையை நம்பாதீர்கள், வருடத்துக்கு வருடம் இடம் மாறியிருக்கிறது. மாட்யூலுக்குப் பெரும்பாலும் இரண்டு லைவ் வரும், மோட்டாருக்குத் தடித்தது ஒன்று, மின்னணுப் பகுதிக்கும் லாக்குக்கும் மெல்லியது ஒன்று. இரண்டு பியூஸையும் பார்க்க வேண்டும். பிடுங்கிப் பார்ப்பதைவிட, பியூஸ் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மீட்டரை வைத்து அளப்பது மேல். இரண்டிலும் பேட்டரி வோல்டேஜ் வந்தால் பியூஸ் நன்று. எரிந்திருந்தால் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். மறுபடி எரிந்தால் ரப்பர் பூட்டுக்குள் லைவ் வயர் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது என்று எடுத்துக்கொண்டு அங்கே தேடுங்கள். பெரிய பியூஸ் போட்டு ஏமாற்றினால் வயர் எரியும்.

நான்காம் படி: ரப்பர் பூட்

இக்னிஷனை அணைத்துவிட்டுப் பாடிப் பக்கத்தில் ரப்பர் பூட்டின் விளிம்பை விலக்குங்கள். பில்லரில் (கதவு மாட்டியிருக்கும் பாடித் தூணில்) உள்ள பெரிய கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். டெர்மினல் பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒரு டெர்மினல் மட்டும் மற்றவற்றைவிட உள்ளே தள்ளியிருந்தால் அதன் பூட்டு விலகிவிட்டது.

பிறகு ரப்பரைச் சுருட்டி, வயர்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. மேல் தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் எல்லாம் ஒடிந்திருக்கும். அப்படிப்பட்ட வயர் இழுத்த இடத்தில் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். கதவு மூடும்போது வயர் எந்த இடத்தில் மடிகிறதோ அங்கேதான் ஒடியும். அடிக்கடி திறப்பது ஓட்டுநர் கதவு என்பதால், பழைய வண்டியில் இங்கேதான் முதலில் போகும்.

முழுக்க ஒடியாமல் ஒன்றிரண்டு இழை மிஞ்சியிருப்பதுதான் மிக மோசம். மீட்டரின் பீப் சத்தம் கேட்கும், வோல்டேஜும் 12.5 காட்டும். லோடு வந்தவுடன் படுத்துவிடும். அதற்குத்தான் அடுத்த படி.

ஐந்தாம் படி: மாட்யூல் வாசலில் லோடு டெஸ்ட்

டோர் பேடைக் கழற்றுங்கள். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் டார்க்ஸ் போல்ட்டுகளை எடுத்த பிறகுதான் ஓரக் கிளிப்புகளை நெம்ப வேண்டும். முன்கதவுகளில் பக்க மோதலை உணரும் ஏர்பேக் சென்சார் இருக்கிறது. அதன் கனெக்டரைத் தொட வேண்டாம், கழற்றிய நிலையில் இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து புதுக் கோடு ஏறும். அது கதவுக்குள் காற்றழுத்தம் மாறுவதை அளக்கும் சென்சார். அதனால் உள் தகட்டின் சீலைப் பிரித்தால் மூடும்போது ஓட்டை இல்லாமல் மூட வேண்டும்.

மாட்யூலின் கனெக்டரைக் கழற்றுங்கள். பழுப்பு வயர் எர்த், சிவப்பை அடிப்படையாகக் கொண்டவை லைவ். பின் எண்ணைப் படத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரின் தடித்த முனையை டெர்மினலுக்குள் திணிக்காதீர்கள். டெர்மினல் வாய் விரிந்து, இல்லாத பழுது ஒன்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

இப்போது 21 வாட் பல்பை லைவ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையில் எரியவிட்டு, எரியும்போதே அதே இரண்டு பின்களில் வோல்டேஜை அளக்கவும். பல்பு சுமார் 1.75 ஆம்ப் இழுக்கும். பேட்டரியில் 12.5 இருந்தால் இங்கே 12 வோல்ட்டாவது நிற்க வேண்டும். வழியில் 1 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் போல விழுந்துவிடும். லோடு இல்லாமல் வெறும் மீட்டரில் அளந்தால் அந்த 1 ஓம் கண்ணிலேயே படாது. இப்படித்தான் 'லைவ் வருது சார், மாட்யூல்தான் போச்சு' என்ற தவறான முடிவு பிறக்கிறது.

வோல்டேஜ் விழுந்தால் எந்தப் பக்கம் என்று பிரியுங்கள். பல்பு எரிந்தபடி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை எர்த் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் வயரில் கோளாறு. எர்த் சரி என்றால் மீதி லைவ் பக்கம். இரண்டு லைவ் பின்னுக்கும் தனித்தனியே இதைச் செய்யுங்கள். பல்பு எரியும்போது ஒருவர் கதவை ஆட்டட்டும், பல்பு கண் சிமிட்டினால் ரப்பர் பூட்டுக்குள் முறிவு உறுதி.

பல்பைத் தகவல் வயர்களில் ஒருபோதும் வைத்துவிடாதீர்கள். கேன், லின் வயர்களை மீட்டராலும் ஸ்கோப்பாலும்தான் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: தகவல் வயர்

இங்கே இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் செருகும் இடம்) 6, 14 பின்களுக்கு இடையில் ஓம் அளந்து 'கேன் நன்றாக இருக்கிறது' என்று சொல்வது. இந்த வண்டிகளில் அங்கே இருப்பது கேட்வேயிலிருந்து வரும் டயக்னாஸ்டிக் வயர். கதவுகள் உட்கார்ந்திருக்கும் கம்ஃபர்ட் கேனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கம்ஃபர்ட் கேனில் 60 ஓம் தேடுவதும் வீண், அது வேறு வகை நெட்வொர்க். இன்னொரு தவறு, வண்டி தூங்கும்போது அளப்பது. தூக்கத்தில் கேன்-லோவில் பேட்டரி வோல்டேஜ் நிற்பதுதான் இதன் இயல்பு. அதைப் பார்த்து ஷார்ட் என்று வயரிங்கைப் பிரித்தவர்கள் உண்டு. இக்னிஷனைப் போட்டு வைத்துக்கொண்டே அளவுங்கள்.

விழித்திருக்கும்போது கேன்-ஹை சும்மா இருக்கையில் 0 வோல்ட், பேசும்போது 3.6 வோல்ட்டுக்கு மேல் ஏறும். கேன்-லோ சும்மா இருக்கையில் 5, பேசும்போது 1.4-க்குக் கீழே இறங்கும். மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அதனால் ஹை 1 வோல்ட்டுக்குக் கீழும் லோ 4 முதல் 5-க்குள்ளும் ஆடினால் சரி. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது.

இந்த வகை கேன் ஒரு வயர் போனாலும் மற்றொன்றில் பேசிக்கொள்ளும். 01336 கோடு வரும், ஆனால் கதவு வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு கதவு முழு ஊமையாக இருக்க கேன்தான் காரணம் என்றால், இரண்டு வயரும் சேர்ந்து போயிருக்க வேண்டும். அதைவிட லைவோ எர்த்தோ ஒன்று போவது சுலபம். ஐந்தாம் படியை ஆறுக்கு முன் வைத்தது இதற்காகத்தான். 500 கிலோபிட் வேக கேனில் கதவுகள் இருக்கும் புதிய வண்டிகளில் இந்தச் சலுகை இல்லை.

லின் ஒற்றை வயர் என்பதால் அது அறுந்தால் அந்தப் பின்கதவு போயிற்று. சும்மா இருக்கையில் பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் இருக்கும், பேசும்போது 0-க்கு அருகே இறங்கி ஏறும். மீட்டரில் பேட்டரி வோல்டேஜைவிடச் சற்றுக் குறைவாக ஆடும் எண் வர வேண்டும். அசையாமல் 0 நின்றால் எர்த்தோடு ஷார்ட் அல்லது வயர் துண்டிப்பு. அப்போது முன்கதவு மாட்யூல் பக்கமும் அளவுங்கள். அங்கே துடிப்பு இருந்து பின்கதவில் இல்லை என்றால் நடுவில் அறுந்திருக்கிறது.

எல்லாக் கதவும் ஒன்றாகப் போயிருந்தால் வழி வேறு. பில்லர் கனெக்டர்களை ஒரு நேரத்துக்கு ஒன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஸ்கேன் எடுங்கள். எதைக் கழற்றியதும் மற்றவை பேசத் தொடங்குகின்றனவோ, நெட்வொர்க்கை இழுத்துப் பிடித்தது அந்தக் கதவுதான்.

ஏழாம் படி: இப்போதுதான் மாட்யூல்

இரண்டு லைவும் லோடில் நிற்கிறது, எர்த் 0.2-க்குக் கீழ், தகவல் வயரில் மாட்யூலின் பின் வரை துடிப்பு இருக்கிறது, டெர்மினல்கள் இறுக்கமாக இருக்கின்றன. இவ்வளவும் சரியாக இருந்து அப்போதும் பேசவில்லை என்றால் மாட்யூல் போயிற்று என்று தைரியமாகச் சொல்லலாம். கழற்றுவதற்கு முன் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றி, மேல் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மோட்டார் விலகியதும் கண்ணாடியைத் தாங்க எதுவும் இருக்காது.

மாற்று மாட்யூல் இடது வலது, முன் பின் பார்த்து, பழையதன் பார்ட் நம்பருக்கு ஒத்ததாக வாங்குங்கள். பழையதைப் பிரித்துப் பார்ப்பதும் நல்லது. போர்டில் களிம்பு இருந்தால் தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் புதியதைப் போடக் கூடாது. உள் தகட்டின் சீல் விட்டிருக்கும், அல்லது கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகள் மண்ணால் அடைபட்டிருக்கும்.

வயரை ஒட்டும் முறை

ரப்பர் பூட்டுக்குள் சால்டர் வைத்து ஒட்டினால் பழுது சீக்கிரமே திரும்பி வரும். ஈயம் செம்பு இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தைக் கம்பியாக்கிவிடும், ஈயம் முடியும் விளிம்பில் மறுபடி ஒடியும். ஒடிந்த பகுதியை முழுவதுமாக வெட்டி எடுத்து, அதே தடிமனில் நெகிழ்வான வயரை நடுவில் சேர்த்து, இரண்டு இணைப்பும் மடியாத பகுதியில், ஒன்று கதவுக்குள்ளும் ஒன்று பில்லருக்குள்ளும் வரும்படி கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். ஒன்று ஒடிந்திருந்தால் பக்கத்து வயர்களும் அதே வயதுதான், தடித்தவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கேன் ஜோடியில் முறுக்கைப் பிரிக்கும் நீளம் 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அடுத்தடுத்த இணைப்புகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

முடிக்கும் முன்

புது மாட்யூல் என்றால் சேமித்து வைத்த கோடிங்கை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி மடிப்பது, ஹீட்டர் போன்றவை வேலை செய்யாமல் நிற்கும். ஜன்னலை முழுக்க மூடி ஸ்விட்சை விட்டு, மறுபடி மேலே இழுத்து ஒரு நொடிக்கு மேல் பிடியுங்கள். அப்போதுதான் ஒரே தட்டில் ஏறுவதும், கை மாட்டினால் நிற்பதும் திரும்ப வரும்.

கோடுகளை அழித்துக் கதவை இருபது முப்பது முறை திறந்து மூடி மறுபடி ஸ்கேன் எடுங்கள். கடைசியாகத் தூக்கச் சோதனை. பேட்டரி மைனஸில் ஆம்ப் மீட்டரைத் தொடராக இணைத்து, திறந்த கதவின் லாக் நாக்கை ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடியதாக ஏமாற்றி, வண்டியை லாக் செய்து அரை மணி நேரம் விடுங்கள். கரண்ட் 50 மில்லி ஆம்புக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் ஏதோ ஒரு மாட்யூல் நெட்வொர்க்கைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டிருக்கிறது. சரி செய்த கதவின் பியூஸை எடுத்துப் பாருங்கள், கரண்ட் இறங்கினால் அந்தக் கதவில் இன்னும் வேலை இருக்கிறது. சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து லாக் நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள், மறந்து அடித்தால் லாக் நெளியும்.